காய்ந்த மணலின் எடை

சுகந்தி,

என் பெயர் கி. சோமசுந்தரம். நாளை நண்பகலில் கொட்டாம்பட்டி வயலிலிருந்து எழவிருக்கும் ஹெலிகாப்டரின் பறப்பு அனுமதித் தாளில் கையெழுத்திட வேண்டிய அதிகாரி நான். அதே தாளில் பறப்போர் பட்டியலில் மூன்றாவதாக எழுதப்பட்டிருக்கும் பெண்ணின் தந்தையும் நானே. இன்று மாலைக் கூட்டத்தில் நான் சொல்லப்போவதை அதற்கு முன்பே உனக்குத் தெரிவிப்பது இக்கடிதத்தின் நோக்கம். அனுமதி வழங்குபவர் பறக்கப்போகிறவரிடம் அது பற்றித் தனியாகப் பேசக்கூடாது என்பது எங்கள் நடைமுறை. சொல்ல வேண்டியது ஏதேனும் இருந்தால் எழுத்தில் இருக்க வேண்டும், எவரும் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஆகவே இதை உறையிலிட்டு ஒட்டப்போவதில்லை. சோதனைக் குழுத் தலைவர் முதலில் படிப்பார். பைலட்டுகள் படிக்கலாம். உன் அம்மா ஏற்கெனவே என் தோளுக்குப் பின்னால் நின்று முதல் வரியைப் படித்துவிட்டாள். "பெத்த புள்ளைக்கு எழுதுறதுக்கு எதுக்குங்க உங்க பேரு? அவளுக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

இப்போது பிற்பகல். மின்சாரம் இல்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து வாசல் கேட்டு வரை போகிறேன், கேட்டுத் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறேன். இரும்பு கையைச் சுடுகிறது. காளவாசல் பக்கமிருந்து பேருந்துகளின் ஹாரன் ஓயாமல் கேட்கிறது. உட்கார்ந்தால் நாற்காலி உறுத்துகிறது. நின்றால் கால் நிற்க மறுக்கிறது. விதிப் புத்தகத்தை மேசையில் திறந்து வைத்திருக்கிறேன். காலையிலிருந்து அதில் ஒரு விதியைத் தேடுகிறேன். என்னைப் பேசச் சொல்லும் விதி அதில் இல்லை. பேசாதே என்று சொல்லும் விதியும் இல்லை. இத்தனை வருட வேலையில் ஒரு புத்தகம் இப்படி என்னைத் தனியே விட்டது இதுவே முதல்முறை.

உனக்குத் தெரிந்த சிலவற்றையும் எழுத நேரும். படிக்கப்போகும் மற்றவர்களில் சிலருக்கு அவை தெரியாது. ராணுவம் எங்களிடம் கேட்டது ஒரே ஒரு வாக்கியம். ஆயுதத்தோடும் முதுகுச் சுமையோடும் பத்து ஜவான்களைக் கோடை வெயிலில், ஓடுபாதை இல்லாத ஒரு வயலிலிருந்து தூக்கிச் செல்ல வேண்டும். அதே இயந்திரம் மறுநாள் இருக்கைகளை மடித்துவிட்டு, காயம்பட்டவர்களின் படுக்கைகளை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போக வேண்டும். சண்டை போடும் இயந்திரத்தை அவர்கள் கேட்கவில்லை. ஆள் ஏற்றவும், அரிசி மூட்டை ஏற்றவும், அடிபட்டவனை இறக்கவும் ஒரு வண்டி கேட்டார்கள். அந்த வாக்கியத்தை உலோகமாக மாற்றப் பெங்களூரில் எங்களுக்கு உன் பள்ளிப் பருவம் முழுவதும் ஆயிற்று. வடிவமைப்பவர்கள் ஒரு பக்கம், அவர்கள் வரைந்ததைச் சரிபார்த்துத் தகுதிச் சான்று அளிக்கும் நாங்கள் மறுபக்கம். நான் மறுபக்கத்துக்காரன். மாதம் ஒருமுறை ரயிலேறி மதுரைக்கு வந்துபோகும் தந்தையாக உனக்குக் கிடைத்ததற்கு அதுவே காரணம். "அந்த ஹெலிகாப்டருக்கே தாலியக் கட்டியிருக்கலாம்ல" என்று உன் அம்மா கேட்டதும் அந்த நாட்களில்தான்.

முதலில் மரத்தால் ஒரு மாதிரி செய்தோம். முழு அளவு, இஞ்சின் கிடையாது, ரோட்டர் கிடையாது, உட்காரும் அறை மட்டும். சில ஜவான்களை வரவழைத்து முழுச் சுமையோடு ஏறி, உட்கார்ந்து, குதித்து இறங்கச் சொன்னோம். முதலாமவன் இறங்கினான். இரண்டாமவன் கதவில் சிக்கிக்கொண்டான். முதுகுப் பை ஒரு பக்கம், துப்பாக்கி ஒரு பக்கம், உடம்பு நடுவில். அவன் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன் என்பது, அவன் வாயைத் திறந்ததும் தெரிந்தது. "சார், இதுல எறங்கணும்னா ஒரு மருத்துவச்சியக் கூட்டியாரணும் போலயே" என்றான். சிரிக்காமல் இருக்க நான் மிகவும் முயன்றேன். மறுவாரம் கதவு அகலமாயிற்று. கதவு அகலமானதும் பக்கச் சுவர் பலமிழந்தது. சுவருக்குப் பலம் சேர்த்ததும் எடை ஏறிற்று. எடை ஏறியதும் பத்துப் பேரில் ஒருவருக்கு இடமில்லாமல் போயிற்று. ஒரு ஹெலிகாப்டரை வடிவமைப்பது என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். எந்தப் பக்கம் எதைத் தொட்டாலும் அந்தப் பத்தாவது ஆள்தான் கீழே இறங்குவான். அவனை மறுபடி மறுபடி உள்ளே ஏற்றுவதுதான் எங்கள் வேலையாக இருந்தது.

அவனுக்காக இருக்கைக் குழாயின் கனத்தைக் குறைத்தார்கள். உலோகப் பிளேடுகளுக்குப் பதிலாக இழைகளைப் பிசினில் தோய்த்து அடுக்கிய பிளேடுகளைச் செய்தார்கள். மூக்குப் பகுதியில் கருவிகளைச் செதுக்கிச் செதுக்கி, கடைசியில் மூக்கு இலேசாகி வால் தாழ்ந்துபோய், நேராக நிற்பதற்காக முன்னால் ஓர் ஈயக்கட்டியைப் பொருத்த வேண்டி வந்தது. எடை குறைத்ததற்குத் தண்டனையாக எடை. அந்த ஈயத்தை அலுவலகத்தில் "மேனேஜர்" என்று அழைத்தார்கள். எந்த வேலையும் செய்யாமல் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதால். அதை அப்புறப்படுத்த ஒரு வருடம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசும்போது, நலம் விசாரிப்பதற்கு முன்பே நீ கேட்பாய்: "இந்த வாரம் எம்புட்டுக் கொறச்சீங்க?" மற்றப் பிள்ளைகள் தந்தையிடம் என்ன வாங்கி வருவீர்கள் என்று கேட்டிருப்பார்கள். நீ என்ன குறைத்தேன் என்று கேட்டாய். நீ இந்த வேலைக்கு வந்ததில் எனக்கு ஆச்சரியமே இருக்கவில்லை. உன் அம்மாவுக்கு இன்னும் இருக்கிறது.

நீ கல்லூரியில் சேர்ந்த வருடம் அவனியாபுரத்தில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். முந்தாநாள் அதை என் முகத்துக்கு நேரே சொன்னாய். பெரிய மாமா வீட்டிலிருந்து திரும்ப ஷேர் ஆட்டோவில் ஏறினோம். நம்மை ஏற்றிய பிறகும் ஓட்டுநர் நகரவில்லை. மேலும் இருவர், பிறகு ஒரு பால்கேன், பிறகு ஓட்டுநருக்கு இரு பக்கமும் ஒவ்வொருவர். நான் எண்ணினேன், அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையைச் சொன்னேன், அதற்கு மேல் உள்ளவர்களை இறக்கச் சொன்னேன். "அண்ணே, இம்புட்டுப் பேர ஏத்துனாத்தான் எனக்கு டீசலுக்குக் கட்டும். ஏறுனா ஏறுங்க, இல்லாட்டி எறங்குங்க" என்றார் ஓட்டுநர். பின்னால் இருந்த ஓர் அம்மாள், "யாருடி இது, கலெக்டரு கணக்கெடுக்க வந்துருக்காரா?" என்று பக்கத்தில் கேட்டார். வண்டியே சிரித்தது. நான் இறங்கினேன், உன்னையும் இறக்கினேன். வில்லாபுரம் வரை வெயிலில் நடந்தோம். நீ பத்தடி முன்னால் நடந்தாய். "இனிமே உங்ககூட எங்கயும் வரமாட்டேன்" என்றாய். அந்த ஆட்டோ கவிழவில்லை. பத்திரமாகப் பெரியார் பேருந்து நிலையம் போய்ச் சேர்ந்திருக்கும். நான் செய்தது சரியென்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால், சுகந்தி, அன்று எனக்கு அது எளிதாக இருந்தது. எண்ணிக்கை வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருந்தது. நான் படித்தேன், அவ்வளவுதான்.

இந்தக் கோடையில் இயந்திரம் மதுரைக்கு வந்தது. சூடான காற்று மெலிந்த காற்று. பிளேடுகளுக்கு அதில் பிடிமானம் குறைவு, இஞ்சினுக்கும் மூச்சு குறைவு. பெங்களூரின் இதமான காலையில் பத்துப் பேரைத் தூக்குவது மதுரையின் மே மாதப் பகலில் எத்தனை பேரைத் தூக்கும் என்று இங்கே வந்துதான் பார்க்க வேண்டும். சோதனையில் மனிதர்களை ஏற்ற முடியாது. ஜவானுக்கும் அவன் சுமைக்கும் சேர்த்து இரண்டு மணல் மூட்டைகள். பத்துப் பேருக்கு இருபது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் முத்திரையிட்ட எடைமேடை வைத்திருப்பது உன் பெரிய மாமாவின் வெல்டிங் பட்டறைதான். அவர் என் மனைவியின் அண்ணன் என்பதை எழுதிக்கொடுத்து, கூலி எதுவும் கிடையாது என்பதையும் பதிவு செய்துவிட்டே அங்கே மூட்டைகளை நிறுக்கச் சம்மதித்தேன். லாரியில் வந்த ஆற்று மணல். பிளாஸ்டிக் சாக்கில் நிரப்பி, வாயைத் தைத்து, நிறுத்து, ஒவ்வொன்றின் மேலும் எடையைப் பெயின்டால் எழுதினார்கள். கொட்டாம்பட்டி வயலில் அவற்றை ஏற்றுவதைப் பார்த்த ஒரு பெண்மணி, "மிலிட்டரிக்காரக மண்ணு அள்ளிட்டுப் போறாகளாக்கும்? வீடு கட்டக் கேட்டா நமக்கு ஒரு லோடு தரமாட்டேங்குறான், இவுகளுக்குப் பறந்து போகுது பாரு" என்றாளாம். நீதான் வந்து சொன்னாய். சொல்லிவிட்டுப் புரையேறச் சிரித்தாய்.

பறப்புகள் நன்றாக நடந்தன. நீ பின் இருக்கையில் மூட்டைகளுக்கு நடுவில் அமர்ந்து கருவிகளின் அளவுகளைக் குறித்தாய். மதுரை வெயிலில் பத்துப் பேரோடு இயந்திரம் எழுகிறது, எழுந்த பிறகும் இஞ்சினில் விசை மிச்சமிருக்கிறது என்று உன் அறிக்கை சொல்கிறது. அது உன் பெயரில் வெளிவரப்போகும் முதல் அறிக்கை. வரைபடங்களைப் படித்தேன். ஒரு வரியைக்கூட நான் திருத்த வேண்டியிருக்கவில்லை. மிச்சமிருப்பது நாளைய பறப்பு மட்டும். வயலின் ஓரத்தில் தென்னந்தோப்பு இருக்கிறது. முழுச் சுமையோடு எழும்போதே ஓர் இஞ்சினின் விசையை வேண்டுமென்றே குறைத்து, மற்ற இஞ்சினைக் கொண்டு தோப்பைக் கடக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். உண்மையான போரில் அப்படித்தான் நேரும். உன் அறிக்கையிலுள்ள மிச்ச விசையை வைத்துக் கணக்கிட்டால், தென்னை உச்சிக்கு மேல் போதிய இடைவெளி இருக்கிறது. மேற்கே மேகம் கூடிவிட்டது. ஜூனில் இயந்திரம் மலைக்குப் போக வேண்டும். நாளை நடக்காவிட்டால் அடுத்த கோடைதான்.

முந்தாநாள் நீ வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது இந்தத் தோப்பைப் பற்றி நீயே உன் அம்மாவிடம் சொன்னாய். சொல்லியிருக்க வேண்டாம். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "உங்க கையெழுத்துதான? இவ பேர எடுத்துட்டு வேற யாரையாச்சும் ஏத்திவிடுங்க."

"வேற யாராச்சும்னா யாரும்மா? அவங்களுக்கும் அம்மா இருப்பாங்கள்ல?" என்றாய் நீ.

"இருக்கட்டும். அவுக அம்மா அவுகளப் பாத்துக்கிரட்டும். நான் என் புள்ளையப் பாக்குறேன்."

என் ஒரு கணத் தயக்கத்தை நீ பார்த்துவிட்டாய். "என்னப்பா, யோசிக்கிறீங்களா? அன்னைக்கு ஷேர் ஆட்டோவுல இருந்து எறக்குனீங்க. இதுல இருந்தும் எறக்கப் போறீங்களா? என் பேர அடிச்சீங்கன்னா நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த மீட்டிங் ரூமுக்குள்ள போவேன்?" என்றாய். இலையில் பாதிச் சோறு இருந்தது. கையைக் கழுவிவிட்டு விருந்தினர் விடுதிக்குப் போய்விட்டாய். உன் அம்மா அந்த இலையை நெடுநேரம் எடுக்கவில்லை.

இன்று காலை பெரிய மாமாவைப் பார்க்கப் பட்டறைக்குப் போனேன். உன் அம்மாவிடம் அவர் பேசினால் அவள் சற்று அமைதியடைவாள் என்று எண்ணினேன். நிரப்பியதில் உபரியாக நின்ற சில மூட்டைகள் அங்கே வெயிலில், தார்ப்பாயின் ஓரத்துக்குப் பாரமாகக் கிடந்தன. என்னைக் கண்டதும் அவர் ஒரு மூட்டையை இழுத்து, முழங்காலில் முட்டுக்கொடுத்துத் தூக்கி, எனக்கு ஆசனம் போட்டார். "பாத்தீகளா மாப்ள! அன்னைக்கு ரெண்டு பயலுக சேந்து தூக்குனானுக. இன்னைக்கு ஒத்த ஆளாத் தூக்குறேன். எல்லாம் எங்க வீட்டுல உங்க தங்கச்சி வைக்கிற கறிக்கொழம்பு" என்று மீசையைத் தடவிக்கொண்டார். பட்டறைப் பையன்கள் விசில் அடித்தார்கள். நானும் சிரித்தேன். உட்காரப் போனவன் உட்காரவில்லை. தைத்த அன்று விறைப்பாக நின்ற சாக்கின் வாய், காற்றிறங்கிய டியூப் போலத் தொய்ந்து கிடந்தது.

"மாமா, இத எடைமேடையில வைக்கச் சொல்லுங்க" என்றேன்.

"எதுக்கு மாப்ள? நீங்கதான சரியாப் போட்டுருக்கு, இனிமே யாரும் தொடக்கூடாதுன்னு சொன்னீக?"

"சொன்னேன். வைக்கச் சொல்லுங்க."

மேலே எழுதியிருந்த எடைக்கு ஏறத்தாழ மூன்று கிலோ குறைவாக இருந்தது. அடுத்த மூட்டை, அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே. சாக்கில் ஓட்டை இல்லை. கீழே ஒரு பொட்டு மணல்கூடச் சிந்தியிருக்கவில்லை. ஆற்றிலிருந்து வந்த ஈர மணலை நிறுத்தோம், முதல் பறப்புக்கு முன்பே பல நாள் மதுரை வெயிலில் காயவைத்தோம், ஈரத்தின் எடையை மணலின் எடையாக எழுதிக்கொண்டோம். விதிப் புத்தகத்தை எழுதியவர்கள் பெங்களூரில் இரும்புக் கட்டிகளை மனத்தில் வைத்து எழுதினார்கள்: பாரங்களை வாங்கும்போது ஒருமுறை நிறுக்க வேண்டும். இரும்பு காய்வதில்லை. இயந்திரத்தின் உள்ளே கிடக்கும் இருபது மூட்டைகளும் அதே லாரி மணல். அவை பகலெல்லாம் விமான நிலைய வெயிலில் நிற்கும் உலோகக் கூண்டுக்குள் கிடக்கின்றன. மூட்டைக்கு மூன்று கிலோ என்றால் இருபதுக்கு அறுபது. ஒரு மனிதனின் எடை. பத்துப் பேரைத் தூக்கியதாக நாம் எழுதினோம். ஒருவன் ஆவியாகிப் போயிருக்கிறான். எந்தப் பத்தாவது ஆளுக்காக இத்தனை வருடம் போராடினார்களோ, அவன்தான்.

மாமாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. "என்ன மாப்ள, மொகம் வெளிறிப் போச்சு, கலர் குடிக்கிறீகளா?" என்றார். வேண்டாமென்று கிளம்பிவிட்டேன். அவனியாபுரத்திலிருந்து வீடு வரும் வரை என் தலைக்குள் ஓடியவற்றை ஒளிக்காமல் எழுதுகிறேன். இதைப் படிப்பவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி. நான் பேசாமல் இருந்தால் நாளை நீ அதே காய்ந்த மூட்டைகளோடு பறப்பாய். இயந்திரம் இலேசாக இருக்கும். தோப்பைச் சுலபமாகக் கடக்கும். நீ பத்திரமாக இறங்குவாய், உன் அறிக்கை நிற்கும், உன் அம்மா சோறு சாப்பிடுவாள். விதிப்படி நான் எந்தத் தவறும் செய்தவனாக மாட்டேன். மூட்டைகள் வாங்கும்போது நிறுக்கப்பட்டன, பதிவு இருக்கிறது. நான் பேசினால், மூட்டைகள் உண்மையான எடைக்கு நிரப்பப்படும். நீ அறுபது கிலோ கூடுதலாக ஏற்றிக்கொண்டு, ஓர் இஞ்சினின் விசை குறைந்த நிலையில், அந்தத் தென்னைகளை நோக்கிப் போவாய். இந்த வெயிலில் அந்த எடையை இயந்திரம் இதுவரை தூக்கியதே இல்லை. என் வாயே உன் இருக்கைக்குக் கீழே பாரத்தை ஏற்றும். இதுவரை நடந்த பறப்புகளெல்லாம் குறைந்த எடையில் நடந்தவை என்றாகி, உன் முதல் அறிக்கையும் செல்லாததாகும். ஒரு தந்தைக்குச் சாதகமானதெல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தது, சுகந்தி. அந்தப் பக்கத்தில் விதியும் இருந்தது. அதுதான் என்னை மிகவும் கலங்கடித்தது. விதியும் என் விருப்பமும் ஒன்றாக நின்றபோதெல்லாம் நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். இன்று அவை இரண்டும் ஒன்றாக நிற்கின்றன. என்னால் ஒரு நாற்காலியில் உட்கார முடியவில்லை.

உன் அம்மா இப்போது மோர் கொண்டுவந்து வைத்தாள். அவளிடம் சொல்லிவிட்டேன். தனியாகப் பேசக்கூடாது என்ற நடைமுறை உன்னைப் பற்றித்தான், அவளைப் பற்றி அல்ல. முழுவதும் கேட்டாள். கணக்கு அவளுக்குப் புரிந்துவிட்டது. பள்ளியில் கணக்கு நடத்துகிறவள். "சொல்லாட்டி அவளுக்கு ஒண்ணும் ஆகாது. அப்படித்தான?" என்றாள். ஆமாம் என்றேன்.

"சொன்னா?"

"தெரியாது."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நாளப்பின்ன நெசமாவே பத்துப் பயலுக ஏறுவானுகள்ல. அப்ப?" என்றாள். நான் மோர்த் தம்ளரைக் கையிலெடுத்தேன். "அவுக அம்மா அவுகளப் பாத்துக்கிரட்டும்னு நான்தான் சொன்னேன்" என்றாள். "அவுக எங்க போய்ப் பாப்பாக? மூட்டையில என்ன இருக்குன்னு அவுகளுக்கு எப்படித் தெரியும்?" பிறகு, "மோரக் குடிங்க, சூடாகுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பாத்திரங்களை அவள் வழக்கத்தைவிடச் சத்தமாக அடுக்குகிறாள். அவளிடம் நான் இசைவு கேட்கவில்லை. அவளும் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. நாளை நீ இறங்கும் வரை அவள் என்னோடு பேசமாட்டாள்.

தந்தை எழுதும் கடிதத்தில் புத்திமதி இருக்க வேண்டுமென்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். என்னிடம் பெரிதாக இல்லை. எடை என்று ஒரு பத்தி இருந்தால், அது எப்போது நிறுத்த எடை என்று கேள். எழுதிய எண் எழுதிய நாளில் உண்மையாக இருந்திருக்கும். நீ பயன்படுத்தும் நாளில் அப்படியே இருக்கிறதா என்பது வேறு கேள்வி, அதை நீதான் கேட்க வேண்டும். உன் அறிக்கை செல்லாது என்று இன்று மாலை கேள்விப்படும்போது உனக்குக் கோபம் வரும். நியாயமான கோபம். நீ குறித்த அளவுகளில் பிழை இல்லை. அவற்றின் கீழே கிடந்த மணல்தான் மாறிவிட்டது. கூட்டத்தில் அதைத் தயங்காமல் சொல். என்மேல் உள்ள கோபத்தையும் அதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதே. நாளை ஏற வேண்டாமென்று உனக்குத் தோன்றினால் அதையும் சொல். பறப்பவர் எவரும் காரணம் காட்டாமல் விலகலாம் என்று விதி இருக்கிறது, நல்ல விதி. உனக்காக அந்த விதியை வேறொருவர் பயன்படுத்த முடியாது. உன் அம்மாவாலும் முடியாது, என்னாலும் முடியாது. விதியில் இதை நான் மூன்று முறை படித்துச் சரிபார்த்துவிட்டேன்; மூன்றாவது முறை, வேறு மாதிரி எழுதியிருக்கக்கூடாதா என்ற ஆசையோடு படித்தேன்.

மின்சாரம் வந்துவிட்டது. மின்விசிறி சுற்றத் தொடங்கித் தாள்கள் பறக்கின்றன. கையால் அழுத்திக்கொண்டு எழுதுகிறேன். கூட்டத்துக்கு இன்னும் நேரமிருக்கிறது, ஆனால் கூட்டம் வரை காத்திருக்கப்போவதில்லை. இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு இப்போதே விமான நிலையத்துக்குப் போகிறேன். குழுத் தலைவரிடம் கடிதத்தைக் கொடுத்து, மூட்டைகள் இருபதையும் இறக்கச் சொல்வேன். ஒவ்வொன்றையும் எல்லோர் முன்னிலையிலும் நிறுக்கச் சொல்வேன். குறைந்திருக்கும் எடைக்குக் காய்ந்த மணலைப் போட்டு மறுபடி தைக்கச் சொல்வேன். உண்மையான எடையில், தோப்பு இல்லாத பக்கமாக முதலில் ஒருமுறை எழுந்து காட்டச் சொல்வேன். அதில் கிடைக்கும் மிச்ச விசையைக் கொண்டு தென்னை உச்சிக்கு மேலான இடைவெளியை உன்னையே மீண்டும் கணக்கிடச் சொல்வேன். அது விதி கேட்கும் அளவுக்கு ஒரு முழம் குறைந்தாலும் கையெழுத்திடமாட்டேன், இந்தக் கோடை போனாலும் போகட்டும். குறையாவிட்டால், பட்டியலில் எவர் பெயர் இருக்கிறது என்று பார்க்காமல், உன் பெயர் இருந்தாலும், அந்தத் தாளிலேயே கையெழுத்திடுவேன்.

உன் அப்பா,
கி. சோமசுந்தரம்